பதினோரு பேருக்கு ஒரே பிரஷ்

"இந்த மஸ்காராவை எத்தனை பேர் போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

வண்டியின் சீட் வரிசையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பதினோரு பேர் மேடம்" என்றேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். எதைக் கேட்டாலும் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். காஞ்சிபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி அது. எனக்குப் பக்கத்து ஸ்டூலில், எங்கள் கம்பெனி வண்டியில் கடைசியாக ஏறும் தென்னேரிப் பெண் இடது கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். மூடிய இமைக்கு நடுவிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துப்பட்டா நுனியால் துடைக்கப் போனவளின் கையை டாக்டர் சட்டென்று பிடித்தார். "அந்தத் துணியால தொடாதம்மா" என்றார்.

பதினோரு பேர் என்று சொன்ன அந்த நிமிஷத்தில்கூட எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. இன்றைக்கும் என்னால் நம்ப முடியாதது அதுதான்.

நான் உத்திரமேரூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஒரகடம் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். லைனில் வருகிற சர்க்யூட் போர்டுகளை, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்ப்பது என் வேலை. ஒரு தூசி, ஒரு முடி, யாரோ கையுறை இல்லாமல் தொட்ட எண்ணெய்த் தடம், எது இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் கட்டிவிடுவேன். என்னிடம் போர்டு வந்தால் லைனில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு என் கையையே பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

அந்த லைனுக்குள் நுழைவது கோயில் கருவறைக்குள் நுழைவதைவிடக் கஷ்டம். கை கழுவ வேண்டும், காற்றடிக்கிற அறையில் நிற்க வேண்டும், கோட்டு, தொப்பி, மாஸ்க், கையுறை எல்லாம் மாட்ட வேண்டும். பூ கூடாது, பவுடர் கூடாது, வளையல் கூடாது, ஸ்டிக்கர் பொட்டு கூடாது. ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, மேலே சிவப்புக் கோடு அடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகையை நாங்கள் ஓட்டை தேடுவதற்காகவே ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்தோம். கண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டோம். மற்றதெல்லாம் மூடிவிட்ட பிறகு வெளியே தெரிவது கண் மட்டும். எதிரே வருவது யார் என்பதைக் கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலையில் வைக்க முடியாத பூ, நெற்றியில் வைக்க முடியாத பொட்டு, எல்லா ஆசையும் சேர்ந்து கண்ணுக்கு வந்துவிட்டது. காஜல் பென்சில், ஐலைனர், இமை முடியைக் கறுப்பாக்கி நிமிர்த்துகிற மஸ்காரா என்று மூன்று சாமானும் எங்கள் வண்டிக்குப் பொதுவாக வந்து சேர்ந்தன. மூன்றையும் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு நான் வைத்திருந்தேன். முதலில் ஏறுபவள் நான் என்பதாலும், என் கை ஆடாது என்பதாலும் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது.

காலை ஆறே காலுக்கு உத்திரமேரூரில் வண்டி கிளம்பும். திருமுக்கூடல் பாலத்தில் பாலாற்றைத் தாண்டி, பழையசீவரம், வாலாஜாபாத் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருத்தி, இரண்டு பேர் என ஏறுவார்கள். அதுவரை ரோடு சரியில்லை. டப்பாவைத் திறந்து நாஷ்டாவை முடிப்பது, தலை பின்னுவது, மாமியாரைத் திட்டுவது எல்லாம் அந்த நேரத்தில். தென்னேரி கூட்ரோட்டில் கடைசிப் பெண் ஏறியதும் நல்ல ரோடு ஆரம்பிக்கும். நான் பெட்டியைத் திறப்பேன். முன் சீட்டில் ஆரம்பித்துப் பின் சீட்டு வரைக்கும் ஒவ்வொருவராகக் கண்ணை எழுதிக்கொண்டு அடுத்தவளிடம் தருவார்கள்.

டிரைவர் அண்ணனும் இதற்குப் பழகிவிட்டார். வேகத்தடை வந்தால், "பிரேக்கு வருது, கண்ணு பத்திரம்!" என்று குரல் கொடுப்பார். பதினோரு பேரும் பேச்சை நிறுத்துவோம். பிரஷ் யார் கையில் இருக்கிறதோ அவள் கையை மேலே தூக்கிக்கொள்வாள். வண்டி குதித்து இறங்கியதும் கை மறுபடி கண்ணுக்குப் போகும். இதையெல்லாம் பெரிய பாதுகாப்பு ஏற்பாடாக நாங்கள் நினைத்திருந்தோம் என்பதை இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

தென்னேரிப் பெண் கடைசி சீட்டு. பத்துப் பேர் கண்ணைச் சுற்றி வந்த பிறகுதான் பிரஷ் அவளிடம் போகும். அவளுக்குச் சொந்தமாக எழுதிக்கொள்ளத் தெரியாது. அதனால் நானே எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்து, போட்டுவிடுவேன். கண்ணைச் சிமிட்டாமல் மேலே பார்த்துக்கொண்டு இருப்பாள். "சிலை மாதிரி உக்காந்துக்கினு கீதே இந்தப் பொண்ணு" என்று முன் சீட்டில் இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை குறுக்கே வந்தது வேகத்தடை இல்லை, ஒரு எருமை. அண்ணன் குரல் கொடுக்க நேரமில்லை. வண்டி குலுங்கி நின்றது. என் கையில் இருந்த மஸ்காரா பிரஷ் அவள் கருவிழியில் இடித்தது.

"ஐயோ, பட்டுடுச்சாடி?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள். தண்ணீர் கொட்டியது. துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாள். "மை கலஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்டாள். நான் இன்னொரு தரம் பிரஷ்ஷைக் குப்பிக்குள் விட்டு எடுத்து, கலைந்த இடத்தைச் சரி செய்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஏறும்போது கண் சிவந்திருந்தது. வண்டியே ஒரே குரலில் மெட்ராஸ் ஐ என்று தீர்ப்பு சொன்னது. என் அம்மாவுக்குப் போன வருடம் கண்புரை ஆபரேஷன் ஆனது. அப்போது கொடுத்த சொட்டு மருந்து பாதிக்குமேல் மிச்சமாக அலமாரியில் இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துப் போய், வண்டியிலேயே அவள் தலையைச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டேன். பாட்டிலையும் அவளிடமே கொடுத்து, சாயந்திரமும் ராத்திரி படுக்கும்போதும் விடச் சொன்னேன். கண் சிவந்திருந்தால் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று அவள் பயந்தாள். "இருடி, தெரியாத மாதிரி பண்ணிடறேன்" என்று சொல்லி, அந்தச் சிவந்த கண்ணிலேயே வழக்கத்தைவிட அடர்த்தியாக மை தீட்டினேன். இமையின் உள்விளிம்பிலும் ஒரு கோடு இழுத்தேன். சாயந்திரம் சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, டாக்டர் ஃபீஸ் மிச்சம்" என்று வண்டியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

வியாழக்கிழமை அவளை யாரோ கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றாள். ஜன்னல் பக்கம் திருப்பி, என் கட்டைவிரலால் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தேன்.

கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

ஏழு வருடமாகப் புள்ளி பார்த்துப் பிழைக்கிறவள் நான். அது தூசி இல்லை, துடைத்தால் போகிறது இல்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.  "அண்ணா, வண்டிய நிறுத்து!" என்று நான் போட்ட கூச்சலில் டிரைவர் அண்ணன் வண்டியை எதன் மேலோ ஏற்றிவிட்டோம் என்று பயந்துவிட்டார். அவளை இறக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய் பஸ் பிடித்து, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தேன். அப்படித்தான் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து, பதினோரு பேர் என்று துல்லியமாகப் பதில் சொன்னேன்.

"எப்ப வாங்கினது?" என்று அடுத்த கேள்வி வந்தது.

"போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் மேடம்."

"இத்தனை நாள் காயாமலா இருக்கு?"

"காஞ்சா கொஞ்சம் தண்ணி வுட்டுக் குலுக்குவோம்."

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணிதான் மேடம்" என்றேன், நல்ல தண்ணீர்தான் என்று அவருக்குத் தைரியம் சொல்கிற மாதிரி.

டாக்டர் கையை நீட்டினார். ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக் கொடுத்தேன். கையுறை போட்ட விரலால் குப்பியைத் திருகித் திறந்து, மூக்குக்குக் கொஞ்சம் தள்ளியே பிடித்து முகர்ந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். குப்பி வாயைச் சுற்றிக் காய்ந்துபோன கறுப்புப் பொருக்கு. பிரஷ்ஷின் அடியில் யாருடைய இமை முடியோ ஒன்று ஒட்டியிருந்தது. தினமும் பார்த்த பிரஷ்தான். அந்த முடி அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. போர்டில் இருந்திருந்தால் மூன்று நொடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

"வேற ஏதாவது மருந்து விட்டீங்களா?"

தென்னேரிப் பெண் பையிலிருந்து என் அம்மாவின் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினாள். டாக்டர் லேபிளைப் படித்தார்.

"இதை யாரு விடச் சொன்னது?"

நான் கையைத் தூக்கினேன். 

"ஆபரேஷன் பண்ணின கண்ணுல வீக்கம் வத்துறதுக்குக் கொடுக்கிற மருந்தும்மா இது. அதுவும் திறந்தா ஒரு மாசத்துல தூக்கிப் போடணும். கருவிழியில கீறல் விழுந்து, அதுல கிருமி ஏறி, புண்ணு ஆகிட்டிருக்கு. அந்த நேரத்துல இதை விட்டா கண்ணோட எதிர்ப்பு சக்தியை நாமளே கட்டிப் போட்ட மாதிரி."

"செவப்பு கொறஞ்சிச்சே மேடம்…"

"சிவப்பு குறையும். உள்ள புண்ணு வளரும்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னைத் திட்டுகிறவர்களிடம் பதிலுக்குப் பேசியே பழகியவள் நான். அவரோ பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அவள் கண்ணை மெஷினில் வைத்து எடுத்த படம் திரை முழுக்கத் தெரிந்தது. நான் விரலால் தூக்கிப் பார்த்தபோது கடுகளவு தெரிந்த புள்ளி, ஓரம் கரைந்து, நடுவில் குழிந்து, கிட்டத்தட்டக் கண் பாப்பாவை மறைத்துக்கொண்டு இருந்தது. பாப்பாவுக்கு நேராக விழுந்த வெள்ளை ஆறினாலும் தழும்பாக நிற்கும், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

கண்ணை மரத்துப்போக வைத்து, அந்தப் புண்ணைச் சுரண்டி எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போதும் மேலே பார்த்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் இருந்தாள். நர்ஸ், "நல்ல பொண்ணு, ஆடாம இருக்கு" என்று பாராட்டினார். 

மணிக்கு ஒரு தரம் மருந்து விட வேண்டும், ராத்திரியும் விடாமல் விட வேண்டும் என்று அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். வண்டியில் வேறு யாருக்காவது கண் சிவந்திருந்தால் உடனே வரச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் இருப்பது எதையும் இனி யாரும் தொடக் கூடாது. ஆளுக்கு ஆள் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, காய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இமைக்கு உள்ளே கோடு இழுக்கக் கூடாது. படுக்கும் முன் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். கண்ணில் ஏதாவது தொந்தரவு என்றால் அன்றைக்கு மை கிடையாது. "ஓடுற வண்டியில கண்ணுக்குப் பக்கத்துல குச்சியைக் கொண்டு போகலாமா? உங்களுக்கே தெரிய வேண்டாமா?" என்றார். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். சுத்தம் என்றால் என்ன என்று லைனில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். கம்பெனி போர்டுக்குக் காட்டிய அக்கறையை ஒரு பெண்ணின் கண்ணுக்குக் காட்டத் தோன்றவில்லை எனக்கு.

மத்தியானம் அவள் அம்மா வந்தார். நாற்று நடவில் இருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார், சேலையின் கீழ்ப்பகுதி இன்னும் ஈரம். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டுல தூசி உழுந்துச்சுன்னு சொல்லிக்கினு இருந்துச்சும்மா. நானும் தாய்ப்பால் வுட்டா சரியாப் பூடும்னு பக்கத்து வூட்டுல கேட்டுக்கினு இருந்தேன். நீ மட்டும் இட்டாரலேன்னா எம் பொண்ணு கண்ணு பூட்டிருக்கும். ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

கீழே கடைக்குப் போய் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். இதை நான் எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், "அழுவாதீங்கம்மா" என்று வந்தது.

மறுநாள் வண்டியில் எல்லாவற்றையும் சொன்னேன்.  ஒவ்வொருத்தியும் செல்போன் கேமராவைத் திருப்பித் தன் கண்ணைப் பார்த்துக்கொண்டாள். பழையசீவரத்துக்காரிக்கு ஒரு வாரமாக இமையில் கட்டி. இன்னொருத்திக்குக் காலையில் கண் ஒட்டிக்கொள்கிறதாம், தூக்கம் போதவில்லை என்று நினைத்திருக்கிறாள். டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாக ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். தென்னேரி கூட்ரோட்டில் யாரும் ஏறாவிட்டாலும் பழக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. யாரோ ஒருத்தி புதுக் காஜல் பென்சில் வாங்கி வந்து, தான் போட்டுக்கொண்டு, பக்கத்து சீட்டுக்கு நீட்டினாள். அவளும் வாங்கிவிட்டாள். நான் எழுந்து போய்ப் பிடுங்கினேன்.

"இன்னா பேஜாரு இது" என்று வாங்கி வந்தவள் எகிறினாள். "புதுசுதான், கடக்காரன் நேத்துதான் பிரிச்சுக் குடுத்தான். இம்மா நாளு இல்லாத எச்சி பாக்கற புத்தி ஒனக்கு இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. எச்சில் பார்ப்பது என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் அழுக்கு, சுத்தம் மட்டும் இல்லை. யார் தொட்டதை யார் தொடலாம் என்பது அதற்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் கழனி வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் தனி டம்ளர். அதற்காக நான் என் அம்மாவோடு போடாத சண்டை இல்லை. வண்டியில் ஊர்த்தெருப் பெண்களும் இருந்தோம், காலனிப் பெண்களும் இருந்தார்கள். ஒரே டப்பாவில் கை விட்டுத் தின்றோம், ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தோம், ஒரே பிரஷ்ஷால் கண் எழுதினோம். எந்தக் கூட்டத்திலும் பேசாமல், யாரிடமும் சொல்லாமல் நாங்களாகச் செய்துகொண்ட காரியம் அது. அதனால்தான் ஒருத்திகூட, இது எனக்கு வேண்டாம், எனக்குத் தனி என்று சொன்னதில்லை. சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் ஆகிவிடும்.

"எச்சி இல்லடி, கண்ணு போயிடும்" என்று சொன்னேன். பென்சிலைத் திருப்பிக் கொடுத்து, அது அவளுக்கு மட்டும்தான் என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

தென்னேரிப் பெண்ணுக்குப் புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். தழும்பு நின்றுவிட்டது. கடைசியாக நான் கூடப் போன தடவை, டாக்டர் அவள் வலது கண்ணை மூடச் சொல்லி, முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினார். "கை ஆடறது தெரியுது மேடம். எத்தினி வெரலுன்னு தெரியல" என்றாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தேவைப்பட்டால் பிறகு கருவிழி மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அவள் பார்த்துவந்த லென்ஸ் வேலைக்குக் கம்பெனியில் இனி எடுக்க மாட்டார்கள். பேக்கிங்கில் இடம் வந்தால் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போனேன். அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். வாசலில் வேப்ப மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பிரஷ் என் கையில்தான் இருந்தது, நான்தான் இடித்தேன், பழைய மருந்தை நான்தான் விட்டேன், எல்லாம் நான்தான் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். முறத்தில் இருந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

மகள் மட்டும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மாவாண்ட எதுக்குக்கா சொன்ன? நான் தூசின்னு சொல்லி முடிச்சிட்டேன் இல்ல" என்றாள்.

"நீ ஏண்டி பொய் சொன்ன?"

 "அத வுடுக்கா. எருமைக்கு முன்னாடியே எனக்கு ரெண்டு வாரமா அரிச்சுக்கினுதான் இருந்துச்சு. நீ போட்டு வுட்டதும், கம்பெனில எறங்கி பாத்ரூமுல கயுவிடுவேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கயுவற அளவுக்கு அரிச்சுதுன்னா வேணாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி? நான் இன்னா ஒன்ன முயுங்கிடுவேனா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது, அந்த நேரத்தில்கூட.

"மத்தவங்கன்னா சொல்லியிருப்பேன்" என்றாள். "மொத நாளு எனக்குப் போட்டு வுட்டியே, ஞாபகம் கீதா? போட்டுட்டு, தொடைக்காம அதே பிரஷ்ஷ அப்பிடியே உங் கண்ணுல வெச்சுக்கின."

ஞாபகம் இருந்தது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று செய்தேன். அன்றைக்கு முழுக்க என்னை நினைத்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"எங்கம்மாக்கு இன்னிக்கும் ஊர்ல தண்ணிய எட்ட நின்னு தூக்கித்தான் ஊத்தறாங்க. நான் தொட்டத உங் கண்ணுல வெச்சவளாண்ட, எனக்கு வேணாம்னு எப்பிடிக்கா சொல்வேன்?"

இதைச் சொல்ல அவள் தலையை முழுசாக என் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.